சோப்ரானோ வரிசையின் இடது ஓரம்

நவம்பர் 2, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் சும்மா கிடைத்த டைரி இது. பத்து மாதம் காலியாகக் கிடந்துவிட்டது, மீதி இரண்டு மாதமாவது எழுதலாம். கோயில் பாடகர் குழுவின் பயிற்சிக் குறிப்புகள் மட்டும்: யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்தப் பாட்டில் எந்த வரி தகராறு செய்கிறது. பதினாறு வருடமாகக் குழுவை நடத்துகிறேன். தொழில் கணக்கு வாத்தியார். எதையும் தாளில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

இன்று கிறிஸ்துமஸ் பயிற்சி தொடங்கியது. இருபத்தாறு பேரில் இருபத்து மூன்று பேர் ஆஜர். பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் கட்டி நூற்று இருபத்தைந்து வருடம் ஆகிறது என்று டிசம்பர் 21 பாட்டு ஆராதனைக்குப் பேராயரே வருகிறார். ஏழு பாட்டு. ஆண்களில் கீழ்க்குரலான பேஸ் பரவாயில்லை. மேல்குரலான டெனரில் இரண்டு பேர் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஏப்பம் விட்டார்கள்.

பெரிய குறை ஒன்று. பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ வரிசையின் இடது ஓரத்தில் சுருதி இறங்குகிறது. ஒரு நூல்தான், ஆனால் இறங்குகிறது. கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டினேன். எங்கள் குழுவில் அதற்கு ‘ஏற்று’ என்று அர்த்தம். ஏறவில்லை. மூன்று தடவை காட்டியும் ஏறவில்லை.

இடது ஓரத்தில் நிற்பது என் அம்மா.

நவம்பர் 3, திங்கள்

மின்விசிறிச் சத்தமாக இருக்கும்.

நவம்பர் 5, புதன்

மின்விசிறி இல்லை. மாலைப் பயிற்சியில் விசிறியை நிறுத்திவிட்டுப் பாடவைத்தேன், எல்லோரும் வியர்த்து ஊற்றியதுதான் மிச்சம். இடது ஓரம் அப்படியேதான் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதாக இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். பெயர் ரூபாவதி. வயது எழுபத்தெட்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த மாதமே சோப்ரானோவில் சேர்த்துக்கொண்டார்கள். இதுவரை ஐம்பத்து மூன்று கிறிஸ்துமஸ். அதில் ஒன்றில் நான் அவள் வயிற்றுக்குள் இருந்தேன். அப்பா தவறிப்போன வருடம்கூட, இரண்டு வாரம் கழித்து அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் சுருதி தப்பிப் பாடி நான் கேட்டதே இல்லை.

வயதாகிறது, வேறென்ன. கொஞ்ச நாளாக நிறைய மாறியிருக்கிறாள். சத்தம் போட்டுத்தான் பேசுகிறாள். பக்கத்தில் இருப்பவனிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி “எய்யா, இன்னொரு தோசை வைக்கவா” என்கிறாள். காது மந்தமாகிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். சாப்பாட்டு மேசையில் நாற்பது வருடமாக உட்கார்ந்த நாற்காலியை விட்டுவிட்டுத் திடீரென்று எனக்கு வலது பக்கம் வந்து உட்காருகிறாள். என் மனைவி சுகிர்தா அவளுக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள். ஏன் இடம் மாறினாய் என்று கேட்டால் விசிறிக்காற்று என்கிறாள். அங்கே விசிறிக்காற்றே வராது.

நவம்பர் 9, ஞாயிறு

ஆஜர் 25. மூன்றாவது பாட்டு தேறிவிட்டது.

அம்மாவிடம் இன்னொரு புதுப் பழக்கத்தைக் கவனித்தேன். பக்கத்தில் யார் எதைச் சொன்னாலும் அதைத் திரும்பச் சொல்கிறாள். புஷ்பராணி சோப்ரானோவில் இரண்டாவதாக நிற்பவள், நல்ல குரல். அவள் ஏதோ முணுமுணுத்தாள். உடனே அம்மா என்னைப் பார்த்து, “எட்வின், புஷ்பா ரெண்டாவது பக்கத்துலருந்தா மூணாவதுலருந்தான்னு கேக்கா” என்றாள். கொஞ்ச நேரத்தில், “எட்வின், பின்வரிசையில வெளக்கு பத்தலங்காவ.” கிளிப்பிள்ளை மாதிரி. எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்று எனக்கு ஒரே கூச்சம். யாரும் சிரிக்கவில்லை. நல்ல சபை.

கோயில் படியில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறாள். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கை போதுமாக இருந்தது. கையைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்க்கவில்லை, வாங்கிக்கொண்டாள். அது என்னவோ செய்தது எனக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

புது போன் சரியில்லை. கோவையில் படிக்கும் மகள் ஷைனி கூப்பிட்டாள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. வலது பக்கம் மாற்றி வைத்ததும் தெளிவாகிவிட்டது. வீட்டில் அந்தப் பக்கம்தான் டவர் நன்றாகக் கிடைக்கிறது போல. சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரிதான்” என்று உள்ளே போனாள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவள் என்மேல் ஒரு குற்றச்சாட்டு வைத்திருக்கிறாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருடம் ஆன எந்தப் புருஷன் திரும்புகிறான்?

நவம்பர் 15, சனி

அங்கி துவைக்கும் நாள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் காலத்துக்கு முன்னால் இருபத்தாறு வெள்ளை அங்கிகளையும் கோயில் பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்து, துவைத்து, கஞ்சி போட்டு, பிரிந்த தையலைத் தைத்து, தேய்த்து அடுக்குவது அம்மாவின் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைத்ததில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் தேய்த்தால் கழுத்துப்பட்டி நிற்காதாம்.

இந்தத் தடவை நான்தான் துவைத்துக் காயப்போட்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, அந்தக் கொடியில் போடு, இந்தக் கொடியில் போடு என்று வேலை வாங்கினாள். பதினொரு மணிக்குப் பார்த்தால், கையில் ஊசி நூலோடு உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். மடியில் ஒரு அங்கி. அந்த முகத்தில் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் அவசரத்தில் எனக்குத் தலைசீவி விட்டவளைத் தேடிப் பார்த்தேன். மூக்கு மட்டும் அப்படியே இருந்தது.

ஊசியை மெல்ல எடுத்துத் தள்ளி வைத்தேன். எழுந்ததும், ஊசி எங்கே என்று என்னைத் திட்டினாள்.

நவம்பர் 16, ஞாயிறு

தள்ளிப்போட முடியாது. இன்று ஐந்தாவது பாட்டில், மேலே ஏறி நீண்டு நிற்கும் வரியில் இடது ஓரம் மோசம். என் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அம்மா என் விரலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறாள், ஆனால் ஒன்றும் மாறவில்லை.

பயிற்சி முடிந்தபின் புஷ்பராணியைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா ஃப்ளாட் அடிக்கிறார்கள், சுருதி இறங்குகிறது, இல்லையா என்று கேட்டேன். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “அப்படியா சார்” என்றாள். மறுபடி கேட்டேன். “ரூபா டீச்சரா?” என்றாள், எக்ஸ்சேஞ்சில் இருந்தவளை எதற்காகவோ ஊரே டீச்சர் என்கிறது. மூன்றாம் தடவையும் கேட்டேன். “உங்களுக்குத் தெரியாததா சார்” என்றாள். பாவம், மரியாதைக்காக மறைக்கிறாள். எனக்குப் போதுமான பதில் கிடைத்துவிட்டது.

நவம்பர் 19, புதன்

எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம். ஐயரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். வயதில் என்னைவிடச் சின்னவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, அம்மா நிற்பதால் குழுவுக்கு நன்மைதான் என்று தமக்குத் தோன்றுவதாகவும், முடிவு என்னுடையது என்றும் சொன்னார். ஐயர்களுக்கு இசை அவ்வளவாகத் தெரியாது.

நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ‘ஐம்பது வருடத்துக்கு மேல் பாடியவர்களுக்குக் கௌரவ ஓய்வு’ என்று ஒரு விதி போடுவது. பொன்னாடை, முன்வரிசையில் நிரந்தர இடம். அந்த விதிக்குள் வருகிறவர் ஒரே ஒருவர்தான், ஆனாலும் விதி விதிதானே. பேச்சும் எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம்.

நவம்பர் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பயிற்சி தொடங்கும் முன் எல்லோர் முன்னிலையிலும் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வாசித்தேன். இரண்டாவது பத்தியில் என் குரல் உடைந்தது. யாரும் கை தட்டவில்லை. அம்மா மட்டும் நான் வாசித்து முடிக்கும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும், “நல்லா எழுதியிருக்கய்யா” என்றாள். பாட்டுப் புத்தகத்தை மூடி புஷ்பராணி கையில் கொடுத்துவிட்டு, வரிசையை விட்டு வெளியே வந்து, முன்வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஐந்தாறு அடி தூரம். அவள் நடந்து முடிக்கிறவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்தபிறகு சுகிர்தா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையில் என் மேசைமேல் அம்மாவின் அங்கி. தேய்த்து, மடித்து, கழுத்துப்பட்டி நிற்கும்படி வைத்திருந்தாள். யாராவது புதிதாகச் சேர்ந்தால் கொடுக்கச் சொன்னாள்.

பிரித்துப் பார்த்தேன். கீழ்விளிம்பின் உட்பக்கத்தில் பழைய மடிப்புகளின் தடம் தெரிகிறது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று கோடு. கஞ்சியும் தேய்ப்பும் போட்டும் போகவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முதல் கோட்டிலிருந்து இப்போதைய விளிம்பு வரை ஏழு சென்டிமீட்டர். தரையில் புரளக் கூடாது என்று அவ்வப்போது தானே மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் அம்மா ஏழு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று பாடம் ஓடவில்லை. தேர்வு வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

அம்மா இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. ஆஜர் 25.

இடது ஓரத்தில் இப்போது புஷ்பராணி. ஐந்தாவது பாட்டு, அதே வரி. இறங்குகிறது.

இரண்டு தடவை பாடவைத்தேன். அதே ஒரு நூல்தான் இறக்கம்.

டிசம்பர் 3, புதன்

நேற்று பூராவும் யோசித்தேன். அம்மாவோடு இவ்வளவு காலம் ஒட்டி நின்றதில் புஷ்பராணிக்கும் அந்தக் கோளாறு தொற்றியிருக்க வேண்டும். பாடகர் குழுவில் அது உண்டு, ஒருவர் இறங்கினால் பக்கத்து ஆளையும் இழுத்துக்கொண்டு இறங்குவார். எனவே புஷ்பராணியை வலது கோடிக்கு மாற்றி, பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவிலிருந்து ஒரு பெண்ணை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். புஷ்பராணி அங்கே போனதும் அற்புதமாகப் பாடினாள். ஆல்ட்டோ பெண் இடது ஓரத்துக்கு வந்ததும் இறங்கினாள்.

அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. சுவரோ, ஜன்னலோ. ஜன்னலைச் சாத்திப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 6, சனி

ஜன்னல் இல்லை.

புஷ்பராணியோடு சண்டை. மகளின் நிச்சயதார்த்தத்துக்காக வரும் புதன்கிழமை வரமுடியாது என்று போன ஞாயிறே என்னிடம் சொன்னாளாம், அதுவும் இரண்டு தடவை. நான் பதிலே சொல்லாமல் புத்தகத்தைப் புரட்டினேனாம். அப்படி எதுவும் நடக்கவில்லை, அவள் சொல்லவே இல்லை என்றேன். பின்னால் நின்ற பேஸ்காரர்கூட “சொன்னாவ சார்” என்றார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசியில் அவள், “சார், நாங்க எல்லாரும் சரியாத்தான் பாடுதோம்” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, ஏழு பாட்டில் நாலுதான் தேறியிருக்கிறது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை இப்படியெல்லாம் ஆனதில்லை என்று எழுத வந்தேன். பெஞ்சில் இல்லை, வரிசையில் நின்றவரை.

டிசம்பர் 7, ஞாயிறு

அம்மா இன்று இன்னும் சத்தமாகப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குழுவிலிருந்து வெளியே எடுத்த வருத்தத்தில் காது இன்னும் மோசமாகிவிட்டதோ என்று பட்டது. காதைப் பரிசோதித்து ஒரு கருவி வாங்கிக்கொடுத்தால், சுருதியும் சரியாகிவிடும், அடுத்த வருடம் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை!

அழுவாள், அடம் பிடிப்பாள் என்று தயாராகத்தான் போனேன். அவளோ கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், “எப்பம் போவோம்?” என்றாள். சுகிர்தா அப்போதே வண்ணார்பேட்டையில் ஒரு காது டாக்டருக்குப் போன் போட்டுப் பதிவு செய்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது வீட்டுக்கு நல்லதுதான்.

டிசம்பர் 10, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்பு. பத்து மணிக்கு அம்மாவோடு ஆட்டோவில் போனேன். டாக்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அம்மா அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூடின அறை என்றால் மூச்சு முட்டும், நீ முதலில் போய் இருந்து காட்டு என்றாள். என்னை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஒன்றுமில்லம்மா, இதோ பார் என்று நான் உள்ளே போனேன். முப்பத்தோரு வருடம் ஹெட்போனோடு ஒரு அடைசல் அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு இதில் என்ன பயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பரிசோதிக்கும் பெண் வலது காதில் தொடங்கினாள். டொக் டொக்கென்று அழுத்தினேன். பிறகு இடது காது என்றாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். மிஷின் பழுதாகிவிட்டது போல என்று நினைத்து, ‘ஓடலையா’ என்று கையால் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிறகு அம்மா உள்ளே போனாள். பயமெல்லாம் ஒன்றுமில்லை, தன் வீட்டு அறைக்குப் போவதுபோலப் போய் ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டாள். ஐந்தே நிமிடம்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வரைபடம் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் இரண்டு கோடுகளும் சேர்ந்து மெதுவாக இறங்குகின்றன, வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது என்றார். என்னுடைய வலது கோடு நேர். இடது கோடு நடுவில் செங்குத்தாக விழுந்து கிடக்கிறது. நரம்புக் கோளாறு என்றார். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, கருவி மாட்டிக்கொள்ளலாம் என்றார். பாடுகிறவரா என்று கேட்டார். அந்தக் காதில் மிச்சமிருப்பதும் சுருதி மாறித்தான் கேட்கும், சரியான ஸ்வரம்கூட அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் இறங்கின மாதிரி இருக்கும் என்றார்.

ஆட்டோவில் அம்மா எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 11, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து. சுகிர்தா அடுப்படியில் மாவில் முக்கிப் பொரித்துக்கொண்டிருந்தாள். அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாசிப்பயறு மாவும் வெல்லப்பாகும் கலந்து உருட்டிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உருட்டினேன். என் உருண்டைகள் ஒன்றுபோல ஒன்று இல்லை என்றாள்.

என் காது விஷயம் எப்போதிலிருந்து தெரியும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“போன வருசம் அறுப்புப் பண்டிகை அன்னைக்கு கோயில் வாசல்ல ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சான்லா. அவன் எடப்பக்கம் வாரான், நீ வலப்பக்கம் திரும்பிப் பாக்க. எக்ஸ்சேஞ்சுல முப்பத்தோரு வருசம் இருந்தவ, எந்த லைன் போயிட்டுன்னு எனக்குத் தெரியாதா?”

அதன்பிறகுதான் நாற்காலி மாற்றம். சத்தம் போட்டுப் பேசியதும், குழுவில் இடது பக்கம் யார் பேசினாலும் கிளிப்பிள்ளை மாதிரித் திரும்பச் சொன்னதும். சுகிர்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஐயருக்கும் தெரிந்திருக்கிறது. இருபத்தைந்து பேருக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே குழுவை விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று அம்மா எல்லோரையும் தடுத்து வைத்திருக்கிறாள். வெறும் கணக்கு வாத்தியாராக வீட்டில் இருந்தால் சுகிர்தாதான் பாவமாம். அடுப்படியிலிருந்து சுகிர்தா ஆமோதித்தாள்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன். அப்படியானால் நீ ஒரு நாளும் சுருதி தப்பவில்லை, இல்லையா அம்மா?

“நான் பாடவே இல்லய்யா. ஈஸ்டருக்குப் பொறவு மூச்சு நிக்க மாட்டேங்கு. வாயை மட்டும்தான் அசைச்சிக்கிட்டு நின்னேன்.”

நான் உருட்டுவதை நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாக, பாடாத ஒருத்தியின் சுருதியை நான் கட்டைவிரல் வலிக்கத் திருத்தியிருக்கிறேன்.

பிறகு ஏன் அங்கே வந்து நின்றாய் என்று கேட்டேன். முட்டி வலிக்க, படியில் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டு, ஏன்?

“அந்தப் பக்கம் யாராவது என்னமாஞ் சொன்னா ஒனக்கு யாரு சொல்லுவா?”

அன்றைக்கு ஒன்றரைப் பக்கம் வாசித்தபோது இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய், நடுவில் எதற்குக் கெடுப்பது என்று இருந்துவிட்டாளாம். கால் நிற்க முடியவில்லை என்று அவளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாளாம். எனக்குத் துணை யார் என்பதுதான் கவலையாம். சொல்லிவிட்டு என் உருண்டைகளை எல்லாம் எடுத்துத் திரும்ப உருட்ட ஆரம்பித்தாள்.

நான் அழுதேன். ஐம்பத்தொரு வயதில், கையெல்லாம் பாகோடு, கண்ணைத் துடைக்க முடியாமல். சுகிர்தா வந்து முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். அம்மா தள்ளாடி விழுந்துவிடக் கூடாது என்று நான் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றே இந்த வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆஜர் 26.

பயிற்சிக்கு முன்னால் எல்லோரிடமும் சொன்னேன். இந்தத் தடவை எழுதிக்கொண்டு போகவில்லை. இடது காது போய்விட்டது, நான் ஒரு மாதமாக உங்களையும் அம்மாவையும் வதைத்திருக்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். வேறு யாராவது குழுவை எடுத்துக்கொள்வது என்றாலும் சம்மதம் என்றேன். பேஸ்காரர்தான், “அது கெடக்கட்டும் சார், ஆறாவது பாட்டை எடுங்க, நேரமாவுது” என்றார்.

புஷ்பராணியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். நிச்சயதார்த்தப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். ஒரு ஏற்பாடும் செய்துகொண்டோம். இடது பக்கத்தில் உண்மையிலேயே சுருதி இறங்கினால், அவள் கட்டைவிரலைத் தூக்கி எனக்குக் காட்டுவாள். இனிமேல் அவர்கள் எனக்குக் காட்டட்டும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்றாள். ஓய்வு கொடுத்தால் கொடுத்ததுதானாம், பொன்னாடை வேறு வாங்கிவைத்திருக்கிறோமாம். ஐயர் தாமே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சோப்ரானோவின் இடது ஓரத்தில் போட்டார். அதைப் பார்த்தபிறகு வந்தாள். பாட வேண்டாம், சும்மா உட்கார்ந்திரு என்றேன். “பின்னே, பாடப்போறேன்னு யாரு சொன்னா?” என்றாள்.

ஏழு பாட்டும் ஓடியது. அந்தப் பக்கத்தை நான் இப்போது நம்பித்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

அம்மாவின் அங்கியைத் திரும்ப நானே தேய்த்தேன். கழுத்துப்பட்டி நிற்கவில்லை. அவள் வாங்கிக் கொடியில் போட்டு, தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்துக்கொண்டாள்.

ஸ்கேன் முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. கருவி ஜனவரியில்.

டிசம்பர் 21, ஞாயிறு

பாட்டு ஆராதனை மாலை ஆறு மணிக்கு. கோயில் நிறைந்து, வெளியே பந்தலிலும் ஆட்கள். பேராயர் முன்வரிசையில். ஓய்வு பெற்றவர்களுக்கு என்று நான் ஒதுக்கிய அந்த நிரந்தர இடத்தில் சுகிர்தா ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கோவையிலிருந்து வந்த ஷைனி.

முதல் ஆறு பாட்டும் சுத்தம். நாலாவதில் ஒரு தடவை புஷ்பராணியின் கட்டைவிரல் எழுந்தது, நான் கையை உயர்த்தினேன், சரியாகிவிட்டது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கு நான் ஜன்னலையெல்லாம் சாத்தியிருக்கிறேன்.

ஏழாவது பாட்டு. எல்லா வருடமும் அதோடுதான் முடிப்போம். கடைசிச் சரணத்துக்கு முன்னால் மூச்சு விட ஒரு சின்ன இடைவெளி உண்டு. அப்போது பார்த்தேன். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்று, அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

சரணம் தொடங்கியது. அவள் வாய் அசைகிறது. வெறும் அசைவா, பாடுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில்தான் எனக்கு ஒன்றுமில்லையே. குழுவை நடத்துகிறவன் பாட்டு நடுவில் அப்படிச் செய்யக் கூடாது, சபைக்குப் பார்க்க விநோதமாக இருந்திருக்கும், ஆனாலும் செய்தேன். கையை அசைத்துக்கொண்டே கழுத்தை முழுக்கத் திருப்பி, என் வலது காதை அவள் பக்கம் கொண்டுபோனேன்.

பாடிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து குரலுக்கு நடுவே அந்தக் குரலைப் பிடிக்க எனக்கு ஒரு நொடி போதும். மெலிந்துபோயிருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு தீர்ந்து, அடுத்த வரியில் பாதியில் வந்து சேர்ந்துகொண்டது. மேலே ஏறி நீண்டு நிற்கும் இடத்தில், நல்ல காதில் கேட்டதால் சந்தேகமே இல்லை, சுருதி ஒரு நூல் இறங்கியிருந்தது. புஷ்பராணி என்னைப் பார்த்தாள். அவள் விரலைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. சரணம் முடிகிறவரை அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

பேராயர் நன்றாகப் பேசினார். என்ன பேசினார் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் எனக்கு வலது பக்கம் அம்மா. ஆராதனையில் போர்த்திய பொன்னாடையை மடியில் சுருட்டி வைத்திருந்தாள். கொஞ்ச தூரம் போனபின், “கடைசிப் பாட்டுல எறங்கிட்டேன்லா?” என்று கேட்டாள்.

இல்லையே அம்மா, சரியாகத்தான் இருந்தது என்றேன்.

“பொய் சொல்லாதய்யா. நீ பெருவெரல மடக்கி உள்ள வச்சிருந்தத நான் பாத்தேன்.”